தடையற்ற வணிக ஒப்பந்தங்களை எதிர்ப்பவர்கள் உண்மையில் எதை எதிர்க்கிறார்கள்?

நெடுவழி கேட்டது:

வணக்கம். சுங்க வரியைக் குறைத்துக்கொள்வதற்காக நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்குவது ஏன் என்பது எனக்கு இன்னும் முழுமையாக விளங்கவில்லை. வரி விகிதம் யாரையும் எளிதில் கொதிப்படையச் செய்யும் பொருளன்று. ஆயினும் 1999 நவம்பர் 30 அன்று சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடவிருந்த அரங்கைச் சூழ்ந்து நின்றவர்களில் எஃகுத் தொழிலாளர்கள், கடலாமைகளைக் காக்கப் போராடியோர், மாணவர்கள், உழவர் அமைப்பினர் என்று சாதாரணமாக ஒன்றுசேராதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மாநாட்டின் தொடக்க நிகழ்வையே நடத்த முடியாமல் போயிற்று. 2015 அக்டோபர் 10 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பேசப்பட்டுவந்த டிடிஐபி ஒப்பந்தத்துக்கு எதிராகப் பெர்லினில் நடந்த பேரணியில் ஏற்பாட்டாளர்கள் 2,50,000 பேர் என்றார்கள். காவல்துறை சொன்ன குறைந்த கணக்கே 1,50,000. இத்தனைக்கும் அவ்விரு தரப்புகளுக்கும் இடையிலான சராசரிச் சுங்க வரி அப்போதே மிகக் குறைவு.

டேவிட் ரிக்கார்டோ 1817-இல் முன்வைத்த ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில், வணிகத்தால் இரு நாடுகளுமே மொத்தத்தில் பயன்பெற முடியும் என்பதை நான் ஏற்கிறேன். அந்தப் பயன் நாட்டுக்குள் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அக்கோட்பாடு சொல்வதில்லை என்பதும் தெரியும். ஆனால் எதிர்ப்பாளர்கள் பேசுவது பங்கீட்டைப் பற்றி மட்டுமன்று. "இந்த ஒப்பந்தங்கள் பெருநிறுவனங்களின் கையில் அரசுகளைக் கட்டிக் கொடுக்கின்றன" என்று சொல்கிறார்கள். எந்த விதியின் வழியாக, எவ்வாறு கட்டிக் கொடுக்கின்றன? அது நடந்ததற்குச் சான்றுகள் உண்டா? எதிர்ப்பினால் ஒப்பந்தம் ஏதேனும் நின்றதுண்டா, அல்லது பெயரை மாற்றிக்கொண்டு அதுவே திரும்பி வந்ததா? முழக்கங்களை நிறையக் கேட்டாயிற்று. விதிகளையும் வழக்குகளையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

கடலோடி பதிலளித்தது:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வரி ஏற்கெனவே குறைவு என்றால், ஒப்பந்தம் பல நூறு பக்கங்களுக்கு நீள வேண்டிய தேவை என்ன? 1947-இன் காட் உடன்பாடு (சுங்க வரி, வணிகம் பற்றிய பொது உடன்பாடு) பெரும்பாலும் சரக்குகளின் மீதான வரியைப் பற்றியது. 1986-இல் தொடங்கி 1994-இல் முடிந்த உருகுவே சுற்றுப் பேச்சுக்குப் பிறகு, சேவைகள், காப்புரிமை, முதலீடு, உணவுத் தர விதிகள் என்று ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டங்களுக்குள் புகும் பொருள்கள் ஒப்பந்தங்களில் இடம்பெறத் தொடங்கின. மக்களின் சினத்தை இந்த இரண்டாம் வகை விதிகளே மூட்டின என்பது என் கருத்து. அவற்றுள்ளும் முதலீட்டாளர் – அரசு தகராறுத் தீர்வு எனப்படும் ஏற்பாட்டை முதலில் வைக்கலாம்.

அது இயங்கும் முறை இது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, தான் முதலீடு செய்த நாட்டின் சட்டமோ ஆணையோ ஒப்பந்தத்தில் தனக்கு உறுதியளிக்கப்பட்ட பாதுகாப்பை மீறுகிறது என்று கருதினால், அந்நாட்டின் நீதிமன்றங்களுக்குச் செல்லாமலேயே மூன்று பேர் கொண்ட நடுவர் தீர்ப்பாயத்தின் முன் அரசை நேரடியாக நிறுத்தலாம். ஒருவரை நிறுவனம் நியமிக்கும், ஒருவரை அரசு நியமிக்கும், மூன்றாமவரை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தேர்வார்கள் அல்லது ஒரு பொது நடுவர் அமைப்பு நியமிக்கும். ஒரே நபர் ஒரு வழக்கில் நடுவராகவும் இன்னொரு வழக்கில் வழக்கறிஞராகவும் இருப்பது நீண்ட காலம் இயல்பாகவே கருதப்பட்டது. தீர்ப்பு தவறானது என்பதற்காக மேல்முறையீடு செய்ய இயலாது. நடைமுறையில் கடுமையான குறை இருந்தால் மட்டுமே ரத்துக் கோரலாம். தீர்ப்பில் விதிக்கப்பட்ட தொகையை, அந்த அரசுக்குச் சொத்து இருக்கும் பிற நாடுகளிலும் வசூலிக்க முயலலாம். இதே சட்டத்தால் இழப்படைந்த உள்நாட்டு நிறுவனத்துக்கு இந்த வாசல் இல்லை. அந்த நிறுவனத்தின் ஆலையால் நோயுற்ற ஊராருக்கும் இல்லை.

கனடா 1997-இல் எம்எம்டி என்ற பெட்ரோல் சேர்மத்தின் இறக்குமதியையும் மாகாணங்களுக்கிடையே அதன் விற்பனையையும் தடை செய்தபோது, எத்தில் என்ற அமெரிக்க நிறுவனம், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கிடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 1998-இல் கனடிய அரசு தடையை விலக்கிக்கொண்டு ஏறத்தாழ 1.3 கோடி அமெரிக்க டாலரை நிறுவனத்துக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நாஃப்டா கையெழுத்தான காலத்தில் அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேசியவர்கள் மிகச் சிலரே. மெக்சிகோ போன்ற நாடுகளில் சொத்து பறிமுதல் நேராமல் முதலீட்டாளரைக் காக்கும் ஏற்பாடு என்றே அது விளக்கப்பட்டிருந்தது.

பிலிப் மோரிஸ் வழக்குகள் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சிகரெட் பெட்டிகளின் மீது நிறுவனச் சின்னங்களை அச்சிடக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2011-இல் சட்டம் இயற்றியது. அந்நாட்டின் உயர் நீதிமன்றத்தில் புகையிலை நிறுவனங்கள் 2012-இல் தோற்றன. ஆனால் அதற்கு முன்பே, ஹாங்காங்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 1993-இல் ஏற்பட்ட முதலீட்டு ஒப்பந்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டு, தன் ஆஸ்திரேலியக் கிளையின் உரிமையை ஹாங்காங்கில் உள்ள நிறுவனத்துக்கு மாற்றி, பிலிப் மோரிஸ் தீர்ப்பாயத்தை நாடியிருந்தது. இந்த மாற்றம் வழக்குக்காகவே செய்யப்பட்ட முறைகேடு என்று 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் வழக்கைத் தள்ளியது. உருகுவேக்கு எதிராக 2010-இல் தொடுக்கப்பட்ட வழக்கும் 2016 ஜூலையில் நிறுவனத்தின் தோல்வியில் முடிந்தது. "பார்த்தீர்களா, அரசுகள்தாம் வென்றன" என்று இவ்வழக்குகளைச் சுட்டுவோர் உண்டு. ஆனால் நியூசிலாந்து அரசு இதே போன்ற சட்டத்தை, ஆஸ்திரேலியாவின் வழக்கு என்னவாகிறது என்று பார்க்கலாம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது. அங்கே அது நடைமுறைக்கு வந்தது 2018-இல்தான். தோற்ற வழக்கே மூன்றாம் நாடு ஒன்றின் சட்டத்தைத் தாமதப்படுத்த முடிகிறது என்றால், வெல்லக்கூடிய வழக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தொகையின் அளவையும் கருத வேண்டும். பலூசிஸ்தானின் ரெக்கோ டிக் பகுதியில் செம்பும் தங்கமும் எடுக்கும் உரிமம் 2011-இல் மறுக்கப்பட்டதற்காக, டெத்தியான் காப்பர் நிறுவனத்துக்குப் பாகிஸ்தான் வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 590 கோடி டாலர் தர வேண்டும் என்று 2019 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதே மாதத்தில் பன்னாட்டு நாணய நிதியம் பாகிஸ்தானுக்கு ஒப்புதல் அளித்த மீட்புக் கடனே 600 கோடி டாலர். நிறுவனம் அங்கே உண்மையில் செலவிட்டது தீர்ப்புத் தொகையில் மிகச் சிறிய பங்கு. சுரங்கம் வெட்டப்படவே இல்லை. வெட்டியிருந்தால் வருங்காலத்தில் ஈட்டியிருக்கக்கூடிய இலாபத்தை மதிப்பிட்டு இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2022-இல் சமரசம் ஏற்பட்டு, டெத்தியானின் உரிமையாளர்களில் ஒன்றான பாரிக் நிறுவனம் மீண்டும் அத்திட்டத்துக்குள் வந்தது.

எண்ணும்எழுத்தும் பதிலளித்தது:

நண்பர் கடலோடி சொன்ன வழக்குகளை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அடுக்கினால் நெடுவழி அவர்களுக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

முதலாவதாக, எத்தில் வழக்கில் கனடிய ஒன்றிய அரசு பின்வாங்கியதற்கு நாஃப்டா மட்டும் காரணமன்று. அதே தடைக்கு எதிராக மாகாணங்கள் உள்நாட்டு வணிக உடன்பாட்டின் கீழ் தொடுத்த வழக்கிலும் அது தோற்றிருந்தது. முடிவுக்கு வந்த முதலீட்டு வழக்குகளை மொத்தமாகப் பார்த்தாலும், நிறுவனங்கள் வென்றவற்றைவிட அரசுகள் வென்றவை அதிகம் என்பதை ஐக்கிய நாடுகளின் வணிக வளர்ச்சி மாநாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

இரண்டாவது எனக்கு முக்கியமானது. ஒப்பந்தம் இல்லாத உலகில் பெருநிறுவனத்தின் பிடி தளரும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? அமெரிக்கா 2017 ஜனவரியில், 12 நாடுகள் சேர்ந்து எழுதிய பசிபிக் கடந்த கூட்டாண்மை ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது எதிர்ப்பாளர்கள் பலர் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாடு எஃகின் மீது 25 சதவீதமும் அலுமினியத்தின் மீது 10 சதவீதமும் வரி விதித்தது. அதனால் பயன்பெற்ற எஃகு ஆலைகளும் பெருநிறுவனங்களே. விலை உயர்வைச் சுமந்தவர்கள் எஃகைப் பயன்படுத்தும் சிறு தொழிற்கூடங்கள். காப்பு வரி கேட்டு அமைச்சக வாசலில் நிற்கும் நிறுவனமும், சந்தையைத் திறக்கச் சொல்லி நிற்கும் நிறுவனமும் ஒரே தரகு முறையைத்தான் கையாளுகின்றன.

அமெரிக்கத் தொழில் நகரங்கள் வேலை இழந்ததற்குத் தடையற்ற வணிக ஒப்பந்தங்களே காரணம் என்ற கூற்றையும் சற்று அளந்து பேச வேண்டும். ஆட்டர், டோர்ன், ஹான்சன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து காட்டிய பேரிழப்பு, சீனாவிலிருந்து பெருகிய இறக்குமதியால் நேர்ந்தது. சீனாவோடு அமெரிக்காவுக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் எதுவும் கிடையாது. 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனப் பொருள்களுக்குக் குறைந்த வரியை உறுதிசெய்யும் நிரந்தர வணிகத் தகுதியைச் சீனாவுக்கு அளித்ததும், 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததுமே அதன் பின்னணி. வேலை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு தருவதில் உள்நாட்டு அரசு காட்டிய கஞ்சத்தனத்தையும் சேர்த்தே குற்றம் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, எழுதப்பட்ட விதி வலியவனைவிட எளியவனுக்கே அதிகம் தேவை. தன் உள்ளாடை ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்துக் கோஸ்டா ரிக்கா என்ற சிறு நாடு உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 1997-இல் வென்றது. விதி இல்லாத இடத்தில் அந்நாடு என்ன செய்திருக்க முடியும்?

பழைய வாசகர் பதிலளித்தது:

எண்ணும்எழுத்தும் அவர்களின் இரண்டாம் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். வரிச் சுவர் எழுப்புவோரையும் மருந்துக்காகப் போராடுவோரையும் "வணிக எதிர்ப்பாளர்" என்று ஒரே பட்டியலில் சேர்ப்பதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்புகிறது. மூன்றாம் கருத்துக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு உண்டு. இணையச் சூதாட்டச் சேவை பற்றிய வழக்கில் ஆன்டிகுவா-பார்புடா என்ற தீவு நாடு அமெரிக்காவை வென்றது; ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007-இல் அனுமதியும் பெற்றது. அவ்வளவு சிறிய நாடு அவ்வளவு பெரிய நாட்டின் மீது எடுக்கக்கூடிய பதில் நடவடிக்கை என்ன? அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றவில்லை. அதற்கும் மேலாக, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவந்ததால் 2019 டிசம்பரிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வே செயலிழந்து கிடக்கிறது. எளியவனுக்கு விதி தேவைதான். அந்த விதியைச் செயற்படுத்தும் கை வலியவனிடம் இருக்கும்வரை அது எந்த அளவுக்குக் காக்கும் என்பது வேறு கேள்வி.

நெடுவழி கேட்ட "எதிர்ப்பினால் ஏதேனும் நின்றதுண்டா" என்பதற்கு வருகிறேன். நின்றதுண்டு, ஒன்றல்ல, பல. அவற்றில் மருந்துப் பிரச்சினையை முதலில் வைப்பேன், ஏனெனில் அங்கே ஒரு விதியின் விலையை உயிர்க்கணக்கில் அளக்க முடிந்தது. 1995-இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் உடன்பாடு, உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் மருந்துகளுக்கும் குறைந்தது 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும் என்றது. மலிவு மருந்துகளை வரவழைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1997-இல் இயற்றியதும் 39 மருந்து நிறுவனங்களின் தரப்பு அதன் மீது வழக்குத் தொடுத்தது. அப்போது எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தின் ஓராண்டு விலை ஒருவருக்கு 10,000 டாலரைத் தாண்டி இருந்தது. இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001 பிப்ரவரியில் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோது, விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் எத்தனை தொலைவு என்பது உலகுக்கே தெரிந்துபோயிற்று. நோயாளிகளின் அமைப்புகள் பல நாடுகளில் தெருவில் நின்றன. ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோகாவில் கூடிய அமைச்சர்கள், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நாடுகளின் உரிமைக்கு டிரிப்ஸ் தடையாக இருக்கக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வருமா என்று கேட்டீர்கள் அல்லவா, இதுதான் அது. பலதரப்பு மன்றத்தில் கிடைக்காததை இருதரப்பு ஒப்பந்தங்களில் கேட்பது அதன்பின் வழக்கமாயிற்று. ஒரு நிறுவனம் மருந்துச் சோதனைக்காகத் தந்த தரவுகளை இத்தனை ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தின் அனுமதிக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்னும் விதி அவற்றுள் ஒன்று. காப்புரிமை இல்லாத மருந்துக்கும் அது தனியுரிமையைத் தந்துவிடும். பசிபிக் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியபின், எஞ்சிய 11 நாடுகள் அதைத் திருத்தி எழுதியபோது முதலில் நிறுத்தி வைத்த 22 விதிகளில் ஏறத்தாழப் பாதி இத்தகைய அறிவுசார் சொத்துரிமை விதிகளே. அந்த 11 அரசுகளும் அவற்றை விரும்பி ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

எதிர்ப்பு வென்ற இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒப்பந்த வாசகம் வெளியே வந்த நேரத்துக்கும் வெற்றிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரியும். பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பில் 1995 முதல் பேசப்பட்டுவந்த பலதரப்பு முதலீட்டு உடன்பாட்டின் வரைவு 1997-இல் கசிந்தது. பல நாடுகளின் குடிமக்கள் அமைப்புகள் அதை இணையத்தில் பரப்பிப் பத்தி பத்தியாக விமர்சித்தன. 1998 அக்டோபரில் பிரான்ஸ் விலகியதோடு அது மடிந்தது. போலிப் பொருள் எதிர்ப்பு என்ற பெயரில் வந்த அக்டா ஒப்பந்தம், ஐரோப்பிய நகரங்களில் எழுந்த போராட்டங்களுக்குப் பின் 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 39-க்கு எதிராக 478 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. டிடிஐபி விவகாரத்தில், முதலீட்டாளர் வழக்கு முறை பற்றி ஐரோப்பிய ஆணையம் 2014-இல் பொதுக்கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 1,50,000 பதில்கள் குவிந்தன. ஜெர்மானிய நாடாளுமன்ற உறுப்பினர்களே 2016-இல் தனி அறையில் அமர்ந்து, கைபேசியை வெளியே வைத்துவிட்டு, படியெடுக்காமல் ஆவணங்களைப் படிக்க வேண்டியிருந்தது. வாக்களிக்க வேண்டியவருக்கே இந்த நிலை என்றால், வாக்காளருக்கு ஐயம் எழுவதில் வியப்பு என்ன?

உழவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாஃப்டா நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்றே மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் சப்பாட்டிஸ்டாக்கள் எனப்படும் பழங்குடி உழவர் இயக்கத்தினர் கிளர்ந்தெழுந்தது தற்செயலன்று. மானியம் பெற்று விளைந்த அமெரிக்க மக்காச்சோளத்தோடு மழையை நம்பிய சிறு நிலக்காரர் போட்டியிட முடியாது என்பதை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். 2003 செப்டம்பரில் கான்குன் மாநாட்டின் வாயிலில் தென்கொரிய உழவர் தலைவர் லீ கியோங் ஹே தன்னுயிரை மாய்த்துக்கொண்டதும் வேளாண் சந்தைத் திறப்பை எதிர்த்தே. நான்கு நாள் கழித்து அந்த மாநாடு முடிவின்றிக் கலைந்தது. அங்கே வளர்ந்த நாடுகளின் வேளாண் மானியங்களை எதிர்த்து ஒருங்கிணைந்த வளரும் நாடுகள் வணிகம் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும், பிரேசில் போன்றவை தம் விளைபொருளுக்குச் சந்தை கேட்டவை என்பதையும் எண்ணும்எழுத்தும் அவர்களின் பொருட்டு ஒப்புக்கொள்கிறேன்.

நெடுவழி மீண்டும் கேட்டது:

மூவருக்கும் நன்றி. இவற்றைப் படித்தபின் என் ஐயம் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. பேச்சுவார்த்தைக் கட்டத்தில் நிறுத்திய ஒப்பந்தங்களைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறீர்கள். கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்த ஒன்றிலிருந்து ஒரு நாடு வெளியேற முடியுமா? மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திய நாடுகள் உண்டா?

வழிப்போக்கன் பதிலளித்தது:

வாக்கெடுப்புகள் உண்டு. அமெரிக்காவுடனான காஃப்டா ஒப்பந்தத்தை ஏற்பதா என்று கோஸ்டா ரிக்கா 2007 அக்டோபரில் மக்களைக் கேட்டது. இந்தோனேசியாவுடனான ஒப்பந்தத்தைப் பாமாயில் தோட்டங்களால் அழியும் காடுகளை முன்னிட்டு எதிர்த்தவர்கள் கையொப்பம் திரட்டியதால் சுவிட்சர்லாந்து 2021 மார்ச்சில் கேட்டது. இரண்டிலும் ஒப்பந்தத்தின் பக்கமே 52 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகள் விழுந்தன. பேரணியில் திரளும் கூட்டத்தைக் கண்டு நாடே எதிர்க்கிறது என்று கணக்கிடக் கூடாது என்பதற்கும், ஆதரவு எவ்வளவு மெல்லிய பெரும்பான்மை என்பதற்கும் இவை ஒருசேரச் சான்று. எக்வடோரில் 2024 ஏப்ரலில் அரசே மக்களிடம், பன்னாட்டு முதலீட்டு நடுவர் முறையை மீண்டும் ஏற்கலாமா என்று கேட்டது. அந்நாடு ஏற்கெனவே பல வழக்குகளில் பெருந்தொகை கட்டி, 2017-இல் எஞ்சியிருந்த முதலீட்டு ஒப்பந்தங்களையும் முறித்துக்கொண்ட நாடு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதே நாளில் அதே அரசு பாதுகாப்பு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு மக்கள் இசைவு தந்திருந்ததால், இதை அரசின் மீதான பொதுவான வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

வெளியேறுவது பற்றிக் கேட்டீர்கள். முதலீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏற்கெனவே செய்யப்பட்ட முதலீடுகளுக்கு 10, 15, அல்லது 20 ஆண்டுகள் அதே பாதுகாப்பு தொடரும் என்றொரு பின்தொடர் விதி இருக்கும். எரிசக்தித் துறை முதலீடுகளைக் காக்கும் எரிசக்தி சாசன உடன்படிக்கையிலிருந்து இத்தாலி 2016 தொடக்கத்தில் வெளியேறிவிட்டது. தன் கடற்கரையை ஒட்டி எண்ணெய் எடுப்பதற்கு அது விதித்த தடையை எதிர்த்து, ராக்ஹாப்பர் என்ற பிரித்தானிய நிறுவனம் அதே உடன்படிக்கையின் கீழ் 2017-இல் வழக்குத் தொடுத்தது. 2022-இல் 19 கோடி யூரோவும் வட்டியும் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு 2025-இல் ரத்துச் செய்யப்பட்டது என்றாலும், வெளியேறிய நாட்டின் மீது வழக்கு செல்லும் என்பதில் மாற்றமில்லை, ஏனெனில் அந்த உடன்படிக்கையின் பின்தொடர் காலம் 20 ஆண்டுகள். ஒரு தலைமுறையின் தேர்தல்கள் அனைத்தும் அதற்குள் வந்து போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனில் விலகியபோது, தன் உறுப்பு நாடுகளுக்கிடையே இவ்விதி பொருந்தாது என்று தமக்குள் தனியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள முதலீட்டாளர்களுக்கு அந்த உடன்பாடு பொருந்தாது.

சட்டத்துக்கு வெளியே கிடைத்த வெற்றி ஒன்றும் உண்டு. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் குடிநீர் வழங்கலைத் தனியாருக்கு விட்டுக் கட்டணம் உயர்ந்தபின் 2000-இல் மக்கள் எழுச்சி நடந்தது. வெளியேறிய அகுவாஸ் தெல் துனாரி நிறுவனம், நெதர்லாந்து வழியாகத் தன் உரிமையை மாற்றியமைத்திருந்ததைப் பயன்படுத்தி நெதர்லாந்து – பொலிவியா ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. கடலோடி சொன்ன ஹாங்காங் உத்தியின் அதே வடிவம்தான். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயம் 2005-இல் சொல்லிவிட்டது. ஆனால் அதன் பங்குதாரரான பெக்டெல்லுக்கு எதிராகப் பல நாடுகளில் இயக்கம் நடந்துகொண்டே இருந்தது. 2006 ஜனவரியில் பெயரளவுத் தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி வரும் ஒப்பந்தம் எதையேனும் நீங்கள் படிக்க நேர்ந்தால், வரி அட்டவணையை விட்டுவிட்டு முதலீட்டு அத்தியாயத்தில் யார் வழக்குத் தொடுக்கலாம் என்ற வரையறையையும், கடைசி அத்தியாயத்தில் காலவரையறையையும் முதலில் பாருங்கள். நாஃப்டாவுக்கு மாற்றாக 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே முதலீட்டாளர் வழக்கு முறை அதில் அறவே நீக்கப்பட்டது. பழைய முதலீடுகளுக்கு மட்டும் மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தின் அனுமதியை 2021 ஜனவரியில் அமெரிக்கா ரத்துச் செய்தபோது, அதை நடத்திய டிசி எனர்ஜி என்ற கனடிய நிறுவனம் அந்த அவகாசத்தைப் பிடித்துக்கொண்டு 1,500 கோடி டாலர் கேட்டது. நாஃப்டா முடிந்தபின் நடந்த செயலுக்கு அந்த அவகாசம் பொருந்தாது என்று 2024-இல் தீர்ப்பாயம் அதைத் தள்ளியது. பின்தொடர் காலத்துக்கான சொற்களை எழுதியவர்கள் சற்றுத் தாராளமாக எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அதே ஒப்பந்தத்தின் 34.7-ஆம் பிரிவு, மூன்று அரசுகளும் நீட்டிக்க இசையாவிட்டால் 16 ஆண்டுகளில் ஒப்பந்தம் தானாகவே முடிவுறும் என்றும், ஆறாம் ஆண்டில் கூட்டு மீளாய்வு நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எண்ணும்எழுத்தும் அவர்கள் இதை வலியவர் கையில் கிடைத்த மிரட்டல் கருவி என்பார்; அந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. ஆயினும் 20 ஆண்டுப் பின்தொடர் விதியோடு ஒப்பிட்டால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.